மரத்துக் கள்ளி

கள்ளி என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது பாலை நிலமே. வெயிலில் வெடித்த தரை, முள், நீரின்மை ஆகியவற்றோடு சேர்த்தே அச்செடியை நினைக்கப் பழகியிருக்கிறோம். மூடுபனி இறங்கும் ஊவா மலைச்சரிவில், பாசி படிந்த ஒரு பலா மரத்தின் கவட்டில், முள்ளே இல்லாத கள்ளியொன்று தொங்குகிறது என்று சொன்னால் நம்புவோர் சிலராகவே இருப்பர். அச்செடியோடு ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த நானே இருபது வயது வரை அதை அறிந்திருக்கவில்லை. அறிந்துகொண்டபோது அச்செடி என்னிடம் இல்லை. அதை வளர்த்தவரும் உயிரோடு இல்லை.

நான் பிறந்த தோட்டம் பதுளைக்கும் பசறைக்கும் இடையில், நமுனுகுல மலையின் அடிச்சரிவில் இருக்கிறது. எங்கள் லயத்தின் பின்புறம், பீலிக்கரைக்குப் போகும் பாதையில், ஒரு பெரிய பலா மரம் நின்றது. அதன் வயதை யாரும் அறியார். அம்மரத்தின் கிளைகளிலிருந்து பச்சை நிறத்தில் மெல்லிய கயிறுகள் போலச் சில தண்டுகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். இலை கிடையாது. ஒவ்வொரு தண்டும் பென்சிலிலும் மெலிந்து, கணுவுக்குக் கணு இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து, ஓர் ஆள் உயரத்துக்குக் கீழ்நோக்கி வளர்ந்திருக்கும். காய்க்கும் காலத்தில் அத்தண்டுகளின் பக்கங்களில் வேகவைத்த சவ்வரிசி போன்ற வெண்மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். குருவிகள் அவற்றைக் கொத்தித் தின்றுவிட்டு, பிசுபிசுக்கும் அலகைப் பக்கத்துக் கிளையில் தேய்த்துத் துடைப்பதை நாங்கள் வேடிக்கை பார்ப்போம்.

ஒருமுறை கச்சான் காற்றில் அம்மரத்தின் கிளையொன்று முறிந்து விழுந்தது. விறகு பொறுக்கப் போன என் அப்பாயி, விறகோடு அந்தப் பச்சைக் கயிற்றிலும் ஒரு சிறு துண்டைக் கொண்டுவந்தார். பழைய பால்மாப் பேணியொன்றின் அடியில் ஆணியால் ஏழெட்டுத் துளைகள் இட்டு, பலா மரப் பொந்திலிருந்து எடுத்த உக்கிய மரத்தூளையும் தேங்காய்த் தும்பையும் அதில் நிறைத்து, அத்துண்டைச் செருகி, லயத்து இஸ்தோப்பின் வளையில் கம்பி கட்டித் தொங்கவிட்டார். 'மரத்துக் கள்ளி' என்று அதற்குப் பெயரும் அவரே இட்டார். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பிராவில் எட்டுப் பேர் வாழ்ந்த எங்களுக்கு அந்தப் பேணிதான் தோட்டம். கீழே ஒரு முழ நிலமும் சொந்தமில்லாத வீட்டில், மேலே தொங்கியதால் அச்செடிக்கு இடம் கிடைத்தது.

எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி அதைக் கவனித்த முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. பெரட்டுக்குப் போகுமுன் விரலைப் பேணிக்குள் விட்டுப் பார்ப்பார். ஈரம் இருந்தால் நீர் விடமாட்டார். மாரிமழையில் கூரைத் தண்ணீர் படாதபடி பேணியை உள்ளே தள்ளிக் கட்டுவார். கச்சான் காலத்தில் மட்டும், வேலை முடிந்து வந்த கையோடு, வாயில் நீரை வைத்துப் புகைபோல அதன் மேல் ஊதுவார். "மண்ணு வேணாஞ்சாமி இதுக்கு. மண்ணுல வச்சா மூச்சு முட்டிப் போயிரும்" என்பது அவர் எனக்குச் சொன்ன பாடம். அன்று அது கிழவியின் பேச்சாகவே எனக்குப் பட்டது.

1976ஆம் ஆண்டு அப்பாயி இந்தியாவுக்குப் போனார். இவ்விடத்தில் சிறிது வரலாறு சொல்ல வேண்டியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்ட அம்மக்களை இரு நாடுகளுக்கும் பகிர்ந்தது. 5,25,000 பேருக்கு இந்தியாவும் 3,00,000 பேருக்கு இலங்கையும் பிரஜாவுரிமை வழங்குவதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல், ஆளுக்குப் பாதியாகத் தீர்க்கப்பட்டது. எண்கள் பெரியவை, ஆயினும் அந்தப் பிரிகோடு குடும்பங்களுக்கு உள்ளேயே விழுந்தது. என் தந்தையார் இலங்கைக்கு விண்ணப்பித்தார். சித்தப்பா இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். அப்பாயியின் பெயர் சித்தப்பாவின் பத்திரத்தில் இருந்தது. இவ்வளவே காரணம்.

பதுளை ரயில் நிலையத்தில் அன்று எழுந்த அழுகையை என்னால் எழுத இயலாது. அத்தகைய ரயில்களை எங்கள் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தார்கள். அதில் ஏறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, சித்தப்பா குடும்பம் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. தாயகம் திரும்பியோருக்கென 1968 முதல் தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கி வந்தது. ஆகவே தேயிலையை விட்டுப் போனவர்கள் மீண்டும் தேயிலைக்கே போனார்கள். இங்கே 'இந்தியாக்காரர்' எனப்பட்டவர்களுக்கு அங்கே 'சிலோன்காரர்' என்று பெயர் கிடைத்தது.

அப்பாயி அந்தப் பேணியையும் எடுத்துப்போக விரும்பினார். செடி, மண், விதை எதையும் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள் என்று தோட்டத்தில் பலரும் சொன்னார்கள். புறப்பட்ட அன்று காலை அவர் என்னை இஸ்தோப்புக்கு அழைத்து, பேணியைக் காட்டி, "நான் போனாலும் இது இங்கன இருக்கட்டும். நீ பாத்துக்க சாமி" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போது பதினான்கு வயது.

நான் நன்றாகவே பார்த்துக்கொள்ள எண்ணினேன். பள்ளிக்கூடத்தில் விவசாயம் படித்தவன் அல்லவா? உக்கிய தூளிலும் தும்பிலும் என்ன சத்து இருக்கும் என்று நினைத்து அவற்றைக் கொட்டிவிட்டு, தேயிலைத் தவறணையிலிருந்து நல்ல கறுப்பு மண்ணும் மாட்டெருவும் கொணர்ந்து பேணியை இறுக நிரப்பினேன். காலையும் மாலையும் நீர் விட்டேன். இரண்டு மாதம் செடி அப்படியே இருந்தது. அந்த ஆண்டின் மாரிமழை முடிந்தபோது அடித்தண்டு பழுப்பாகிக் கூழாகி, தொட்டவுடன் கையோடு வந்துவிட்டது. மேலே இருந்த பச்சைத் தண்டுகளும் சில நாளில் சுருங்கின. அவற்றை வெட்டி வைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது. அனைத்தையும் வாரித் தேயிலை மலையில் எறிந்தேன்.

சித்தப்பா எழுதும் கடிதங்களின் அடியில், அப்பாயி சொல்லச் சொல்ல எழுதிய இரண்டு வரிகள் எப்போதும் இருக்கும். மாடு ஈன்றதா என்று ஒரு வரி. கள்ளி காய்த்திருக்கிறதா என்று ஒரு வரி. நன்றாக இருக்கிறது, நிறையக் காய்த்திருக்கிறது என்று நான் பதில் எழுதினேன். 1977 முதல் 1981இல் அவர் இறக்கும் வரை நான் அந்தப் பொய்யைக் குறையாமல் எழுதிவந்தேன்.

1982இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான மாணவனாக நுழைந்தேன். முதலாண்டுத் தாவரவியல் வகுப்பில் ஒருநாள் எங்கள் விரிவுரையாளர் எங்களை வெளியே அழைத்துச் சென்றார். முதிய மரமொன்றின் கீழ் நின்று மேலே சுட்டிக் காட்டி, "இது என்ன?" என்றார். எனக்கு நெஞ்சு துணுக்குற்றது. அதே பச்சைக் கயிறுகள். முந்திக்கொண்டு, "ஒட்டுண்ணி, சேர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எதை வைத்துச் சொல்கிறீர்? அது மரத்தைத் துளைத்திருப்பதைப் பார்த்தீரா?" என்று கேட்டார். நான் பார்த்ததில்லை. மரத்தின் மேல் இருப்பதனால் மரத்தை உண்கிறது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

அவர் விளக்கினார். குருவிச்சை ஒட்டுண்ணி, அது தன் உறிஞ்சிகளை மரத்தின் உள்ளே செலுத்தி நீரையும் கனியுப்பையும் எடுக்கிறது. இச்செடியோ மேலொட்டி. மரத்திடம் இது பெறுவது தங்குமிடம் ஒன்றே. பட்டையின் வெடிப்பில் தேங்கும் உக்கிய இலை, பறவை எச்சம், மழைநீர், பனி ஆகியவற்றைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. பகலில் இலைவாய்களை மூடி நீரைக் காத்து, இரவில் அவற்றைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்வாங்கிச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் ஒளித்தொகுப்பை நிறைவேற்றுவது கள்ளிகளின் வழக்கம். மரத்தின் மேல் வாழும் இதுவும் அவ்வாறே செய்கிறது. மழைக்காட்டில் இருந்தாலும் மரப்பட்டையின் மேல் வாழும் செடிக்கு மழை நின்ற சில மணி நேரத்தில் வறட்சி தொடங்கிவிடுகிறது. ஆகவே அது வாழும் இடம் காடாயினும் அதன் வாழ்க்கை பாலை வாழ்க்கையே.

அதன் விஞ்ஞானப் பெயர் றிப்சாலிஸ் பக்சிபெரா. முற்பகுதி, பின்னிய மிலாறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிற்பகுதி, சிறுகனி தாங்குவது எனப் பொருள்படும் இலத்தீன். ஜெர்மானியத் தாவரவியலாளர் கேர்ட்னர் 1788இல் இந்தச் சாதியை நிறுவினார். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த டிரைமன், 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவர நூலில் இதற்கு இடம் அளித்திருக்கிறார். சிங்களத்தில் இதனை 'வல் நவஹந்தி' என்பர். 'நவஹந்தி' என்பது நாம் திருகுகள்ளி எனும் செடி. 'வல்' என்றால் காட்டுக்குரியது. பார்வைக்கு இரண்டும் ஒத்தவை எனினும் உறவற்றவை. திருகுகள்ளியை ஒடித்தால் பால் வரும். இதில் நீர்ச்சாறு மட்டுமே வரும். நம் இலக்கியங்கள் கூறும் கள்ளியும் இந்தப் பால்வடியும் குடும்பத்தைச் சேர்ந்ததேயன்றி, தாவரவியலார் கள்ளிக் குடும்பம் எனக் கூறும் கக்டேசியே அன்று. நாகதாளி கக்டேசியே குடும்பத்தது எனினும் அமெரிக்காவிலிருந்து மனிதர் கொண்டுவந்தது. ஆகவே எழுத்தறியாத அப்பாயி இட்ட பெயர், பெரும் வழக்கில் உள்ள பல பெயர்களிலும் சரியான பெயராக இருந்தது.

அன்று அவர் சொன்னவற்றுள் என்னை அதிகம் ஆட்கொண்டது பிறிதொன்று. சுமார் 1,500 இனங்கள் கொண்ட அக்குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. விலக்கு ஒன்றே ஒன்று. அமெரிக்காவில் மட்டுமன்றி, வெப்பமண்டல ஆபிரிக்கா, மடகஸ்கார், இந்து சமுத்திரத் தீவுகள், இலங்கை ஆகிய இடங்களிலும் இயற்கையாக வளரும் ஒரே கள்ளி இதுவே. இது எவ்வாறு கடல் கடந்தது? ஒரு காலத்தில் நிலப்பரப்புகள் ஒன்றாயிருந்தபோது பரவியது என்று கூறுவது பொருந்தாது. தென் அமெரிக்காவும் ஆபிரிக்காவும் பிரிந்து சுமார் 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கள்ளிக் குடும்பம் தோன்றியே சுமார் 3 கோடி ஆண்டுகள்தாம் என்பது இன்றைய கணிப்பு. பறவையின் அலகிலோ குடலிலோ ஒட்டிய விதை கடல் கடந்தது என்போர் பலர். கப்பலோட்டிகள் அறிந்தோ அறியாமலோ கொணர்ந்தனர் என்போர் வேறு சிலர். பழைய உலகச் செடிகள் நிறமூர்த்த எண்ணிக்கையிலும் அமெரிக்கச் செடிகளிலிருந்து வேறுபட்டிருப்பது, அவை பிரிந்து நெடுங்காலம் ஆயிற்று என்போருக்குத் துணையாகிறது. வழக்கு இன்னும் முற்றாக முடியவில்லை.

வகுப்பு முடிந்து விடுதிக்குத் திரும்பும் வழியில் எனக்குச் சிரிப்பும் துயரும் ஒருங்கே வந்தன. எங்கள் மக்களைக் 'கள்ளத்தோணி' என்று ஏசுவது இந்நாட்டில் நெடுநாள் வழக்கம். ஆனால் மெய்யாகவே யாரும் காணாமல், எந்தப் பத்திரமும் இன்றிக் கடல் கடந்து வந்தது இந்தக் கள்ளியே. அதைத் தாவர நூல்கள் சுதேச இனம் எனப் பதிந்துகொண்டன. எங்கள் பாட்டன்மார் வந்த காலம் தெரியும். வந்த பாதை தெரியும். ஆட்சேர்த்த கங்காணிமாரின் துண்டுக் கணக்கும் தெரியும். வந்ததற்குச் சான்று இருந்தமையே எங்களுக்கு எதிரான சான்றாயிற்று. சான்றில்லாத செடி சொந்தமாயிற்று.

ஊவாவின் மலைகளை இந்தக் கண்கொண்டு பார்த்தால் வேறொன்றும் புலப்படும். முதலில் வந்த கோப்பிப் பயிர் ஆபிரிக்காவுக்கு உரியது. அதை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதல் 1869இல், இதே பதுளை மாவட்டத்து மடுல்சீமையிற் கண்டறியப்பட்டது. அதன்பின் பெருமளவு நட்ட சிங்கோனா தென் அமெரிக்க அந்தீஸ் மலையது. அதற்காகவே 1861இல் ஹக்கலைப் பூங்கா அமைக்கப்பட்டது. தேயிலை சீனத்துக்கும் அசாமுக்கும் உரியது. காற்றை மறிக்கவும் நிழலுக்கும் நட்ட கிரவேலியா அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆகச் சுற்றுலாப் பயணிகள் ஊவாவின் அழகு எனப் படம் பிடிக்கும் பச்சை முழுவதும் வந்தேறிப் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்து யாரும் எங்கிருந்து வந்தாய் எனக் கேட்பதில்லை. அதை நட்டு, கவ்வாத்து வெட்டி, கொழுந்தெடுத்தவர்களை மட்டுமே கேட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை அளித்தபோது, முதற் சட்டம் பிறந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இலைத்துருவின் கதையை அறிந்தபோது, செடியைக் கப்பலில் ஏற்ற விடாத விதியின் மேல் எனக்கிருந்த கோபம் தணிந்தது. ஓர் இலையின் அடியில் ஒட்டிய மஞ்சள் தூள் ஒரு நாட்டின் பயிரையே வீழ்த்தியிருக்கிறது. செடிகளுக்கு அக்கட்டுப்பாடு வேண்டியதே. செடிக்குப் பொருந்தும் அதே விதியை மனிதருக்கும் பொருத்தியதே தவறு.

அந்த ஆண்டு மார்கழி விடுமுறையில் தோட்டத்துக்குப் போனேன். பீலிக்கரைப் பலா மரம் இல்லை. பாதையை அகலப்படுத்த அதை வெட்டிவிட்டதாகச் சொன்னார்கள். அடிக்கட்டை மட்டும் நின்றது. நான்கு நாள் சரிவெங்கும் தேடினேன். தோட்டத்து எல்லையில், தேயிலை நட இயலாத செங்குத்தான ஓடைக்கரையில், ஒரு நாவல் மரத்தில் அதைக் கண்டேன். எட்டாத உயரம். அடியில், மழையில் முறிந்து விழுந்த நான்கு துண்டுகள் கிடந்தன. அவற்றை ஈரச் சாக்கில் சுற்றாமல், காய்ந்த தாளில் சுற்றி எடுத்து வந்தேன். அதற்குள் நான் சிறிது கற்றிருந்தேன். அப்பாயிக்கு எழுதிய பொய், அவர் இறந்த மறு ஆண்டு உண்மையாகத் தொடங்கியது.

அன்றிலிருந்து நாற்பதாண்டுகளுக்கு மேலாக அச்செடியை வளர்த்து வருகிறேன். வளர்க்க விரும்புவோருக்கு என் அனுபவத்தை முறையாகச் சொல்வது பயனுடையது என எண்ணுகிறேன்.

முதலாவது, காட்டிலிருந்து செடியைப் பிடுங்கலாகாது. காற்றுக்கும் மழைக்கும் பின் மரத்தடியில் துண்டுகள் கிடக்கும், அவை போதும். வளர்ப்பவரிடமிருந்து பெறுவது இன்னும் நன்று. நான்கு முதல் ஆறு அங்குல நீளமுள்ள, இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட தண்டைக் கணுவில் வெட்டுக. வெட்டியவுடன் நடலாகாது. நிழலில் மூன்று நாள் வைத்து வெட்டுவாய் காய்ந்து தோல் மூடிய பின்பே நடுக. பச்சைக் காயத்தோடு ஈரத்தில் வைத்த தண்டு அழுகும்.

இரண்டாவது, மண் வேண்டாம். அப்பாயியின் சொல் முழு உண்மை. இதன் வேர்கள் பட்டையின் மேல் காற்றோட்டத்தில் படர்வதற்கு அமைந்தவை; இறுகிய மண்ணில் நீர் தேங்கிக் காற்று அற்றுப்போனால் அவை முதலிற் சாகும், பின்னர் தண்டு அழுகும். என் பேணியில் 1977இல் நடந்தது இதுவே. உக்கிய மரப்பட்டைத் துண்டு இரண்டு பங்கு, நீரில் ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டும் தும்பும் ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, உடைத்த கரியும் பருமணலும் சேர்ந்து ஒரு பங்கு என்பது நான் இன்று கையாளும் கலவை. கையில் எடுத்து இறுக்கி விட்டால் அது உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் பட்டைத் துண்டை இன்னும் கூட்டுக.

மூன்றாவது, பாத்திரம் சிறியதாகவும் ஆழம் குறைந்ததாகவும், துளைகள் பல உடையதாகவும் இருத்தல் வேண்டும். பேணி, சிரட்டை, கம்பிக் கூடை எதுவும் ஆகும். என் தாயார் பாவித்துத் தேய்ந்த கொழுந்துக் கூடையின் அடிப்பாகத்தை வெட்டி அதிலும் வளர்த்திருக்கிறேன். பின்னிய மிலாறு எனப் பெயர் பெற்ற செடிக்குப் பின்னிய கூடை நன்றாகவே பொருந்தியது. தண்டை ஓர் அங்குலம் மட்டும் செருகி, ஈர்க்கினால் நிறுத்துக. முதல் வாரம் நீர் ஊற்றாமல் மேலே தெளித்தால் போதும். மூன்று முதல் ஆறு வாரத்தில் வேர்விடும். மெல்ல இழுத்துப் பார்த்தால் தடுக்கும்.

நான்காவது, ஒளி. காலை வெயில் இரண்டொரு மணி நேரம் படலாம். மற்றப் பொழுது மரநிழலில் வடிகட்டி வரும் வெளிச்சம் வேண்டும். தண்டு மஞ்சளோ சிவப்போ ஏறினால் வெயில் கூடிவிட்டது. வெளிறி நூல்போல நீண்டால் வெளிச்சம் குறைந்துவிட்டது.

ஐந்தாவது, நீர். இதுவே கடினமான பகுதி. ஊவாவில் ஆண்டை இரண்டாகப் பிரித்துக் கவனிக்க வேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும் காலத்தில், செடி கூரைக்குள் ஒதுங்கியிருக்கட்டும். மேற்பரப்பு காய்ந்த பின்பே நீர் விடுக. ஜூன் முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபுறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக நம் பக்கம் இறங்கி வருகிறது. அந்த வறட்சியிலே கொழுந்து மெதுவாக வளர்வதனால்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் உண்டாகிறது. தேயிலைக்கு மணம் கொடுக்கும் அதே காற்று, இந்தச் செடியை இரண்டு வாரத்தில் சுருங்க வைத்துவிடும். அப்போது பேணியைக் காற்றுப் படாத மூலைக்கு மாற்றி, மாலையில் மழைநீரைத் தெளிக்க வேண்டும். இலைவாய்கள் இரவிலே திறக்கும் செடியாதலால் மாலைத் தெளிப்பு அதற்கு ஏற்றது. அப்பாயி வேலை முடிந்து வந்த நேரமும் அதுவே.

உரம் அதிகம் வேண்டாம். தளிர்க்கும் காலத்தில் மாதம் ஒருமுறை, கூட்டெரு ஊறிய நீரை நன்றாக ஐதாக்கி விடலாம். கணுக்களில் வெண்பஞ்சு போல மாவுப்பூச்சி தோன்றினால் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கவும். இரண்டு மூன்று ஆண்டில் தண்டின் பக்கங்களில் அரை அங்குலமும் இல்லாத வெண்பூக்கள் வரும். ஒற்றைச் செடியே காய்க்கும், துணைச்செடி தேவையில்லை.

கனியிலிருந்து வளர்க்க விரும்புவோர் பழத்தை நசுக்கி, கரிய சிறு விதைகளைப் பசை போகக் கழுவி, உக்கிய பட்டைத்தூளின் மேல் மூடாமல் தூவி, ஒளிபடும்படி ஈரத்தில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். அந்த நாற்றை உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்ப்பவருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. குருத்துத் தண்டின் மேல் மயிர் போன்ற சிறுமுட்கள் இருக்கும். வளர வளர அவை உதிர்ந்து, முள்ளற்ற பச்சைக் கயிறாக மாறும். எங்கள் விரிவுரையாளர் கூறியதை நம்பாத மாணவர்களுக்கு நான் காட்டும் சான்று இதுவே. கள்ளிக் குடும்பத்தின் முகச்சாயல் அந்தக் குழந்தைப் பருவத்தில் நன்றாகத் தெரிகிறது.

வேர்விட்ட செடியை மரத்திலேயே ஏற்ற விரும்புவோர், பட்டை சொரசொரப்பாக உள்ள பலா, மா போன்ற மரத்தின் கவட்டில், சிறிது பாசியும் தும்பும் வைத்து, கொச்சக் கயிற்றால் கட்டிவிடலாம். ஒக்டோபர் மழை தொடங்கும்போது செய்தால் கச்சான் வருமுன் வேர் பட்டையைப் பற்றிக்கொள்ளும். மரத்துக்குத் தீங்கு வருமோ என அஞ்ச வேண்டாம். பற்றுவதற்கும் உறிஞ்சுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நான் முன்னரே கூறியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரிக்குப் போயிருந்தேன். அப்பாயி இறுதிக்காலத்தில் வாழ்ந்த வீட்டில் சித்தப்பாவின் மகன் இருக்கிறார். நான் எந்தச் செடியும் எடுத்துப்போகவில்லை. காரணம் அறிந்தவன் எடுத்துப்போகலாகாது. என் பழைய கடிதங்களை அவர்கள் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவற்றுள் ஒன்றை எடுத்துக் கொடுத்த தம்பி, "அப்பாயி இதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லும் அண்ணே. அந்தக் கள்ளி வருகிற இடத்தை மட்டும் இரண்டு தரம்" என்றார். செடி அப்போதே செத்துவிட்டதை நான் அவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "இப்போ இருக்குதானே?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

2023இல் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைப்பயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியையே அவர்கள் நடந்தார்கள். அந்த ஆண்டு என் வீட்டுக் கள்ளியிலிருந்து இருபது துண்டுகள் வெட்டி, மூன்று நாள் நிழலில் உலர்த்தி, என்னிடம் படித்த பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பேணியும் அவர்களே கொண்டுவந்தார்கள். வந்த வரலாற்றை மறைத்தால்தான் ஒரு மண்ணுக்கு உரியவராகலாம் என்றிருந்தால், எங்களால் என்றும் உரியவராக முடியாது. வந்த பாதையைச் சொல்லிக்கொண்டே உரியவராயிருக்கவும் இடம் உண்டு என்பதையே நான் அவர்களுக்குச் சொல்ல விரும்பினேன். ஆனால் அன்று சொன்னது, மண் போடவேண்டாம், விரலை விட்டு ஈரம் பார்த்து நீர் விடுங்கள் என்பது மட்டுமே.

பதுளைப் பக்கம் பயணம் செய்யும் மாணவர்கள், தேயிலை முடிந்து காடு தொடங்கும் ஓடைக்கரைகளில் சிறிது நின்று மேலே பார்ப்பார்களாக. பச்சைக் கயிறுகள் தொங்கினால் அதன் பெயர் இப்போது உங்களுக்குத் தெரியும். மரத்தடியில் ஒரு துண்டு விழுந்து கிடந்தால் எடுத்து வாருங்கள். அதற்கு ஒரு பேணியளவு இடம் போதும்.